ரஷ்ய நியெல்லோ மூக்குப்பொடி டப்பா: அசலா போலியா, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

வோல்காகரை:
84 முத்திரை (பழைய ரஷ்ய வெள்ளியோட தர எண்), நியெல்லோ (வெள்ளில செதுக்கின பள்ளத்துல கருப்பு உருக்கி நிரப்பற வேலைப்பாடு) எல்லாம் இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். 1996, மாஸ்கோல மெடிசின் மூணாவது வருஷம். அப்பா அனுப்பின காசுல மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு ஞாயித்துக்கிழமை சந்தைல ஒரு டப்பா வாங்கினேன். அப்பாவுக்குப் பொடி போடற பழக்கம், அவருக்குன்னேதான் வாங்கினது. உள்ளங்கைக்குள்ள அடங்கும், மூடில மாஸ்கோ செஞ்சதுக்கத்துல நிக்கற மினின்-போஜார்ஸ்கிங்கற ரெண்டு வீரர் சிலை, பின்னாடியே செயின்ட் பாசில் கோயிலோட வெங்காய கோபுரம், அடில முத்திரை: குதிரை மேல செயின்ட் ஜார்ஜ் (மாஸ்கோ ஊர்ச்சின்னம்), 84, வருஷம் 1846.

எங்க ஹாஸ்டல் மாடிக்கு ஒரு பாட்டி ட்யூட்டி பாப்பாங்க, எழுபத்தஞ்சு வயசுக்கு மேல, மாஸ்கோலயே பொறந்து வளந்தவங்க. சந்தோஷத்துல அவங்ககிட்ட காட்டினேன். கண்ணாடிய மாட்டிட்டு ஜன்னல் பக்கம் போய் பாத்தாங்க, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் சுண்டுவிரல் நகத்த அந்த சிலை மேல வச்சு "இது இங்க இல்லப்பா"ன்னாங்க. எனக்குப் புரியல. "நான் ஸ்கூல் போற வயசுலதான் இதத் தூக்கிட்டு வந்து கோயில் முன்னாடி வச்சாங்க, அதுக்கு முன்ன சதுக்கத்துக்கு நடுவுல கடைவரிசைக்கு முதுகு காட்டி நிக்கும், மினின் நீட்டின கை நேரா கிரெம்ளினக் காட்டும்"னாங்க. சிலை வச்சது 1818, நகத்தினது 1931. அப்ப 1846ல டப்பா செஞ்சவனுக்கு 1931க்கு அப்பறம் இருக்கற செஞ்சதுக்கம் எப்படித் தெரிஞ்சுது?

அந்த நகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல. 2011ல அவர் போற வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "ஜார் காலத்து டப்பா, பையன் கொண்டு வந்தான்"னு காட்டிட்டே இருந்தார். உங்களுக்கு இப்படி எந்த இடத்துல உடைஞ்சுது, சொல்லுங்க.

பழையவெள்ளி:
சார், படத்த மட்டும் வச்சு போலின்னு தீர்ப்பு எழுதிடாதீங்க. இந்த டப்பால இருக்கற ஊர்க்காட்சி எல்லாம் அச்சடிச்ச படத்தப் பாத்து செதுக்கினது, மூணு அங்குல மூடில அடங்கணும்னு கோபுரத்த இங்க இழுத்து சிலைய அங்க தள்ளி வைக்கறது உண்டு. இடம் மாறினது ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

நான் ஏமாந்தது முத்திரைல. ஆன்லைன் ஏலத்துல எடுத்தேன், மூடி முழுக்க கிரெம்ளின், போட்டோல பாக்கவே அவ்வளவு அழகு. கைக்கு வந்து லென்ஸ் வச்சுப் பாத்தா 84 பக்கத்துல கொகோஷ்னிக், அதாவது தலையலங்காரம் வச்ச பொண்ணு முகம், இடது பக்கம் பாத்துட்டு, அதுக்கு அடுத்தாப்புல 1869னு வருஷம். அந்தப் பொண்ணு முகம் முத்திரைக்கு வந்ததே 1899ல! அதுக்கு முன்ன ஊர்ச்சின்னம், வெள்ளித் தரம் பாக்கற சோதனை அதிகாரியோட பேர் எழுத்து, வருஷம், இதுதான் முறை. பொண்ணு முகம் வந்தப்பறம் வருஷம் போடறதே நின்னு போச்சு. 1908க்கு அப்பறம் முகம் வலது பக்கம் திரும்பிடும். ரெண்டு காலத்து முத்திரையையும் ஒண்ணா அடிச்சு வச்சிருக்கான், நானும் ஏலத்துல போட்டோவ பெருசு பண்ணிக்கூடப் பாக்காம விட்டேன்.

இப்ப எல்லாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டியது. ஒண்ணு, 84ன்னா 96ல 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துல 875. ஆனா 84 இருந்தாலே ரஷ்யன்னு நினைச்சுக்காதீங்க, ஈரான் வெள்ளிலயும் 84 வரும். அடுத்து, நிஜ முத்திரை உளிய வச்சு ஓங்கி அடிச்சது, ஓரம் கூர்மையா இருக்கும், அடிச்ச எடத்தச் சுத்தி வெள்ளி லேசா எழும்பி நிக்கும், மெல்லிசான தகடுன்னா உள்பக்கம் தடவினா விரலுக்குத் தெரியும். அசல் டப்பால அச்சு எடுத்து வார்த்ததுன்னா ஓரம் எல்லாம் சோப்பு கரைஞ்சாப்புல மழுங்கி இருக்கும். அப்பறம் மாஸ்கோ டப்பால இங்கிலீஷ் பி, சி மாதிரி ஒரே எழுத்து ரெண்டு தடவ இருக்குன்னு ஒருத்தர் போன மாசம் வேண்டாம்னு விட்டாராம், அது தப்பு. அந்த ரஷ்ய எழுத்து வே, எஸ். சோதனை அதிகாரி விக்டர் சவின்கோவுக்கும் அதுதான், நியெல்லோல பேர் போன பட்டறைக்காரர் வசீலி செம்யோனோவுக்கும் அதுதான். ரெண்டும் ஒரே டப்பால வரலாம். இதெல்லாம் தெரியாம சிலை நகந்துச்சு கோயில் நகந்துச்சுன்னு பேசினா நல்ல சாமானும் கைய விட்டுப் போயிடும்.

செராங்கூன்ரோடு:
அண்ணே கோச்சுக்காதீங்க, முத்திரை நூத்துக்கு நூறு சரியா இருந்தும் நான் மாட்டினேன். உளில அடிச்ச நிஜ முத்திரை, மாஸ்கோ, வருஷம், அதிகாரி எழுத்து எல்லாம் பொருந்துது. சிங்கப்பூர்ல ஒரு கடைல வாங்கினேன், விலைய சொன்னா வீட்ல தெரிஞ்சுடும், விடுங்க. கீல் லேசா ஆடுச்சுன்னு எங்க ஏரியால ஒரு பத்தர்கிட்ட கொண்டு போனேன், கும்பகோணம் பக்கத்துக்காரர், ரஷ்யாவும் தெரியாது நியெல்லோவும் தெரியாது. வாங்கித் திருப்பிப் பாத்தார், முத்திரை இருக்கற எடத்துல வாய வச்சு ஹான்னு ஊதினார், கண்ணாடில ஊதுவோம்ல அந்த மாதிரி. ஆவி படிஞ்சு கலையற அந்த ரெண்டு செகண்ட்ல, முத்திரையச் சுத்தி கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு நீளச் சதுரம் கோடு போட்டாப்புல தெரிஞ்சுது. மறுபடி ஊதினார், மறுபடி தெரிஞ்சுது. "தம்பி, இந்தத் துண்ட வேற எதுலயோ வெட்டிக் கொண்டாந்து பத்த வச்சிருக்காங்க"ன்னு சாதாரணமா சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

ஏதோ பழைய ரஷ்ய ஸ்பூன்லேர்ந்து முத்திரைய மட்டும் வெட்டி எடுத்து புது டப்பா அடில வச்சு பத்தவச்சு மெருகு போட்டிருக்கான். வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்கும் எனக்குத் தெரியல, மூச்சு ஈரம் பட்டா மட்டும் பத்தாசு, அதாவது பத்த வைக்க உருக்கின உலோகம், ஓடின கோடு வேற மாதிரி படியுது. நகைக்கடைல வெள்ளித் தரம் காட்டற மெஷின்ல வச்சோம். அந்தச் சின்னத் துண்டு 87 சொச்சம் சதவீதம், டப்பா உடம்பு 92.5. ஒரே டப்பால ரெண்டு வெள்ளி.

ம்யூனிக்மலர்:
எனக்கு நடந்தது தலைகீழ். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

இங்க ஜெர்மனில இந்த நியெல்லோ வெள்ளிய டூலா வெள்ளின்னு சொல்லுவாங்க, பழஞ்சாமான் சந்தைல அப்பப்ப வரும். ஒரு வயசானவர் மேஜைல ஒரு சின்ன டப்பா. உள்ள தங்கமுலாம், அந்த வெளிர் எலுமிச்சை மஞ்சள் இல்ல, நல்ல அடர்த்தியா, விளிம்புல விரல் படற எடத்துல மட்டும் தேஞ்சு வெள்ளி எட்டிப் பாக்குது. கருப்பு ஒரு மூலைல பொட்டாட்டம் உதிர்ந்திருக்கு, உதிர்ந்த எடத்துல உளி போன பாதை கீழ அப்படியே இருக்கு, கோடு மெல்லிசா ஆரம்பிச்சு நடுவுல பெருத்து மறுபடி மெல்லிசா முடியும். முத்திரை 1862. வாங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து உள் மூடில இருந்த எழுத்த எழுத்துக்கூட்டிப் படிச்சேன், இன்னார்கிட்டேர்ந்து இன்னாருக்குன்னு. "ஓத்"ங்கற வார்த்தை வெறும் ரெண்டு எழுத்துல நின்னுச்சு. பழைய ரஷ்யன்ல மெய்யெழுத்துல முடியற வார்த்தைக்கு எல்லாம் கடைசில அந்த உச்சரிப்பில்லாத எழுத்து வரணும், சின்ன பி மாதிரி தலைல இடது பக்கம் கொக்கி வச்சது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துலதான் அத எடுத்தாங்க. 1862 டப்பால அது இல்லன்னா போலிதானேன்னு அடுத்த வாரமே கொண்டு போய் நீட்டினேன். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசல, காச எண்ணிக் குடுத்தார். நான் என்ன படிச்சேன்னு விளக்கம் வேற குடுத்துட்டு வந்தேன்.

மூணு மாசம் கழிச்சு ராத்திரி சமையல்கட்டுல நிக்கும்போது திடீர்னு உறைச்சுது. அந்த எழுத்து நியெல்லோ இல்ல. கருப்பே இல்லாம வெறுமனே கீறினது, தங்கமுலாத்த வெட்டிட்டு போயிருந்துச்சு. அதாவது டப்பா பழசு, எழுத்து பின்னால வந்தது. 1918க்கு அப்பறம் யாரோ ஒருத்தர் தாத்தா டப்பாவ எடுத்து மகனுக்கோ நண்பனுக்கோ பேர் வெட்டிக் குடுத்திருக்காங்க. அந்த சந்தைக்கு அப்பறம் எத்தன தடவ போனேன், அந்தப் பெரியவர் வரல.

அதனால வோல்காகரை சார், பழையவெள்ளி சார் சொல்றத முழுசா தள்ளாதீங்க. ஆனா சிலை விஷயம் வேற. என் எழுத்த பின்னால யார் வேணா வெட்டலாம், உங்க படத்த பின்னால வெட்டி கருப்பு உருக்கி ஊத்த யாரும் மெனக்கெட மாட்டாங்க. படம்தான் டப்பா.

பழையவெள்ளி:
மேடம் சொன்னது சரி, படம்தான் டப்பான்னு ஒத்துக்கறேன். ஆனாலும் செதுக்கினவன் கற்பனைல தள்ளி வச்சிருக்கலாம்ங்கறத நான் விடல. சார், சிலை எந்தப் பக்கம் திரும்பி நிக்குது, பாத்து சொல்லுங்க.

கல்லிடைமாமா:
எல்லாரும் சின்னப் பிள்ளைகள், சொல்றேன் கேளுங்க. என் கதை ரெண்டு வரி. பிலாய் ஸ்டீல் பிளான்ட்ல வேலை பாக்கும்போது கூட இருந்த ரஷ்ய இன்ஜினியர் ஊருக்குப் போகையில ஒரு சிகரெட் கேஸ் குடுத்தான், கருப்பு வேலைப்பாடு, அவன் அப்பாவோடது. மகள் கல்யாணத்துக்கு வீட்டு வெள்ளி எல்லாம் மினுக்கறப்ப அதையும் சேத்து வெள்ளி கழுவற கெமிக்கல்ல முக்கிட்டேன். எடுத்தா பூவும் கொடியும் சாம்பலா வெளுத்துக் கிடக்கு. அவ்வளவுதான் கதை.

இப்ப விஷயம். நியெல்லோங்கறதே வெள்ளி, செம்பு, ஈயம் மூணையும் கந்தகத்தோட உருக்கி எடுத்த கருப்பு, அதப் பொடிச்சு செதுக்கின பள்ளத்துல நிரப்பி நெருப்புல காட்டி உருக்கறது. அந்தக் கெமிக்கல் வேலையே கந்தகம் ஏறின வெள்ளியக் கரைக்கறதுதான், அழுக்குன்னு நினைச்சு வேலைப்பாட்டையே தின்னுடும். விபூதி, டூத்பேஸ்ட், பாத்திரப் பொடி ஒண்ணும் வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணில ரெண்டு சொட்டு சோப்பு, மெத்துன்னு பருத்தித் துணி, உடனே துடைச்சு காய வைக்கணும். மூடில கீல் உடைஞ்சா பத்த வைக்கக் குடுக்காதீங்க, சூடு ஏறினா கருப்பு உருகி ஓடும், அதுல இருக்கற ஈயம் வெள்ளியையே அரிச்சுக் குழி பண்ணிடும். இதுலயே ஒரு பரிசோதனையும் இருக்கு: கீல் புதுசா பத்த வச்சிருக்கு, அரை அங்குலம் தள்ளி கருப்பு மட்டும் அலுங்காம பளபளன்னு இருக்குன்னா அந்தக் கருப்பு நெருப்பே பாக்காததா இருக்கலாம், பெயின்ட்டோ ரெசினோ. பஞ்சுல அசிடோன் தொட்டு ஒரு ஓரத்துல ஒத்திப் பாருங்க, பெயின்ட்டுன்னா பஞ்சு கருக்கும், நிஜ நியெல்லோ அசையாது. நிஜக் கருப்பு மட்டக் கருப்பும் இல்ல, பென்சில் முனைய சாய்ச்சுப் பிடிச்சா வருமே, நீலம் கலந்த சாம்பல் மினுக்கம், அது இருக்கணும். மெஷின்ல வைக்கறவங்க உடம்ப மட்டும் பாக்காம கீல் பத்த வச்ச எடத்தையும் வச்சுப் பாருங்க, கேட்மியம்ங்கற உலோகம் காட்டினா அந்தப் பத்தாசு 20ஆம் நூற்றாண்டுது. பீரோல ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீங்க, ரப்பர்லயும் கந்தகம். வெள்ளில அது படிஞ்ச கோடு லேசுல போகாது.

வோல்காகரை:
மாமா, மேடம், எல்லாருக்கும் நன்றி. பழையவெள்ளி சார், நீங்க கேட்டதுக்காக பதிமூணு வருஷம் கழிச்சு டப்பாவ அம்மா பெட்டிலேர்ந்து எடுத்தேன். சிலை இன்னைக்கு நிக்கற மாதிரியே கோயிலுக்கு முதுகு காட்டித்தான் நிக்குது.

கையோட மதுரைல ஒரு தெரிஞ்ச நகைக்கடைல மெஷின்ல வச்சோம். 87.4. அடி, மூடி, பக்கம் எல்லாம் அதே. கருப்பு அசிடோனுக்கு அசையல, மாமா சொன்ன அந்தப் பென்சில் மினுக்கம் இருக்கு. லென்ஸ்ல கோடு மேடம் சொன்ன மாதிரியே மெல்லிசா ஆரம்பிச்சு பெருத்து மெல்லிசா முடியுது, மெஷின் கோடு இல்ல, கைவேலை.

அப்பறம் செராங்கூன்ரோடு தம்பி சொன்ன மாதிரி ஊதிப் பாத்தேன். சதுரம் எதுவும் தெரியல. ஆனா 1846க்கு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு எடத்துல ஆவி வேற மாதிரி படிஞ்சு மெதுவா கலையுது. தடவினா அந்த எடம் ஒரு பருப்பு அளவுக்குக் குழிஞ்சிருக்கு, தேச்சு எடுத்தாப்புல.

செராங்கூன்ரோடு:
அண்ணே, அப்ப அது சோவியத் டப்பா. 1958க்கு அப்பறம் அடிச்சதுன்னா அந்த எடத்துல நட்சத்திரத்துக்குள்ள அரிவாள் சுத்தியல், கூடவே 875 இருந்திருக்கும். ரஷ்யாவுல வெலிக்கி உஸ்த்யுக்ங்கற ஊர்ல இந்த வேலைய சோவியத் காலத்துலயும் கையால பண்ணாங்க, அதே 875 வெள்ளி, அதே கருப்பு. எவனோ நட்சத்திரத்தத் தேச்சுட்டு 1846 அடிச்சு வித்திருக்கான். உங்க அப்பா கைல இருந்தது நல்ல வேலைப்பாடுதான், முத்திரை மட்டும்தான் பொய்.

பழையவெள்ளி:
இதுக்கு மேல நான் வாதாடல சார், பாட்டி சொன்னதுதான் சரி. அந்தக் குழிய சைடுலேர்ந்து டார்ச் அடிச்சு ஒரு போட்டோ போடுங்க, நட்சத்திர முனை ஒண்ணாவது மிச்சம் இருக்கும்.

வோல்காகரை:
போடறேன் சார். அம்மாகிட்ட சொல்லிட்டு எடுக்கறேன். டப்பா உள்ள அப்பா கடைசியா போட்ட பொடி இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு, அது கொட்டாம எடுக்கணும்.