புலிகுத்திக்கல்லுக்கு மண்டபம் வேணுமா?

ஊர் உறவுகளுக்கு வணக்கமுங்க.

நம்ம ஊர்ப் புலிகுத்திக்கல்லுக்கு மண்டபம் கட்டலாம்னு சிங்கப்பூர் மாப்பிள்ளை அனுப்பின வரைபடம் பார்த்தேன். கிரானைட் தரை, சுத்தியும் எவர்சில்வர் கம்பி, கல்லுக்கு எனாமல் பெயிண்ட், முகப்புல நன்கொடை கொடுத்தவங்க பேரு. மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது, எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க.

கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்க. அதுல செதுக்கின வீரனோட கொண்டை ஒருபக்கம் சரிஞ்சிருக்கு. புலி பின்னங்கால்ல எழுந்து முன்னங்காலை அவன் தொடையில வெச்சிருக்கு. ஈட்டி வயித்துல பாஞ்சு முதுகுப் பக்கம் முனை தெரியுது. மாட்டுப் பட்டியில புகுந்த புலியை மறிச்சுச் செத்தவனுக்கு நட்ட கல்லு. மாடே சொத்தா இருந்த சீமை நம்முது, அதான் கொங்குல இந்த மாதிரிக் கல்லு அங்கங்கே நிக்குது. சிலதுல வட்டெழுத்துங்கிற பழைய எழுத்துல ஆளோட பேரும் இருக்கும். நம்ம கல்லோட தலைமாட்டுல எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் விரல் கனத்துக்கு ஏறிக் கிடக்குது. அதுக்கு மேல எனாமலும் அடிச்சா, அடியில எழுத்து இருந்தாலும் போச்சு. தரையை உசத்தினா கல்லோட கால்மாடு புதைஞ்சுரும்.

இன்னொண்ணு, பக்கத்துல இருக்கிற வீரமாத்தி கல்லை, அதாவது செத்த வீரனோட தானும் உயிரை விட்ட பொண்டாட்டிக்கு நட்ட கல்லை, வரைபடத்துல காணோம். வளையல் போட்ட கையைத் தூக்கிட்டு நிக்கிறாளே, அவளை எங்கே கொண்டுபோய் வைக்கறதா உத்தேசம்?

மணிமண்டபமே ஆகாதுன்னு சொல்ல வரலீங்க. ஓடாநிலையில தீரன் சின்னமலை கோட்டையை வெள்ளைக்காரன் இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டான். 1805இல் சங்ககிரியில தூக்குல போட்ட மனுசனுக்கு அவர் மண்ணுல கட்டித்தான் அடையாளம் வைக்க முடியும். ஆடிப் பதினெட்டுக்குச் சனம் அங்க போய் நிக்குது. 1932இல் அடிபட்டுச் செத்த குமரனுக்குத் திருப்பூர்ல நினைவகம் வெச்சதும் சரிதான். நமக்கு அப்படியில்லை. கல்லே இருக்குது, பட்டிப் பொங்கலன்னிக்குப் பால் ஊத்தற வழக்கமும் இருக்குது. ஆனா மாடு வெச்சிருக்கிற குடும்பம் நாலஞ்சுதான், அதுல பாதிப் பேருக்கு வயசாச்சு.

காசை வேற மாதிரிச் செலவு பண்ணலாமுங்க. கல்வெட்டு படிக்கத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து, பிசுக்கைப் பதமா எடுத்து, எழுத்து இருந்தா மைப்படி, அதாவது கல்லு மேல தாளை ஒட்டி மையால எடுக்கற நகல், எடுக்கணும். ரோட்டை அகலப்படுத்தறப்போ பொக்லைன்காரன் தள்ளிவிடாம இருக்க, ரெண்டு கல்லையும் சேத்து கிளுவை வேலி போடணும். மிச்சம் இருந்தா, பொங்கலுக்குக் கல்லுக்குச் செய்யற அந்தக் குடும்பங்களுக்குக் குடுத்துரலாம்.

கணக்குப் பார்க்கிற மாமா, வேலிக்கும் ஆள் கூலிக்கும் எவ்வளவு ஆகும்னு ஒரு மதிப்புப் போட்டு அனுப்பி வையுங்க.