ஆலப்புழை ஹவுஸ்போட்: செங்கோட்டையிலிருந்து 19 பேர், ஒரு ராத்திரி. என்னென்ன பார்க்கணும்?

குண்டாறு_கரை:
எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையும் பண்பொழியுமாக எங்கள் சொந்தக்காரர்கள் 19 பேர் தை மாதத்தில் ஆலப்புழை போய் ஒரு ராத்திரி ஹவுஸ்போட்டில் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பெரியவர்கள் 14, பிள்ளைகள் 5. அறுபத்தைந்து தாண்டியவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தர் இன்சுலின் போடுகிறவர். வேன் பேசிவிட்டோம், போட் இன்னும் பேசவில்லை.

ஒரே பெரிய போட் எடுக்கலாமா, சின்னதாக ரெண்டா? எந்தத் தேதியைத் தவிர்க்கணும்? அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் என்ன கேட்டு வாங்கணும்? போட் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அது உண்மையா?

புன்னமடை_வாசி:
அண்ணாச்சி, கடைசிக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

ராத்திரி போட் ஓடாது. சாயங்காலம் 5.30 மணிக்குள் கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் காயல் (உப்பங்கழி) மீன்பிடிக்காரர்களுக்கு. வலை விரித்திருப்பார்கள், போட் போனால் வலை அறுந்துவிடும். பகல் 12 மணிக்கு ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டிப்போட்டு, 5.30க்கு ஒதுங்கினால் தண்ணீரில் ஓடுவது நாலரை மணி நேரம். மறுநாள் காலையில் அரை மணி, முக்கால் மணி. 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். '21 மணி நேரப் பயணம்' என்று விளம்பரத்தில் பார்ப்பதில் ஓட்டம் என்பது ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அந்த ஒரு மணி நேரம் போனதுதான். 5.30 தள்ளிப்போகாது. அதனால் 11 மணிக்கே ஜெட்டியில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.

ஒன்றா ரெண்டா என்றால், உங்கள் ஆட்களுக்கு ரெண்டு என்பேன். 14 பெரியவர்களுக்கு ஏழு ரூம் வேண்டும், பிள்ளைகளுக்குக் கூடுதல் மெத்தை. ஏழு ரூம் ஒரே போட்டில் என்றால் பெரும்பாலும் மாடி போட். மாடிப்படி செங்குத்தாக, குறுகலாக இருக்கும். மூட்டு வலிக்காரர் பாவம். நாலு ரூம் போட் ஒன்று, மூணு ரூம் போட் ஒன்று, ரெண்டிலும் ரூம் எல்லாம் கீழ்த்தளத்தில் என்று கேளுங்கள். நீளமான போட் நடுக்காயலோடும் பெரிய ஆற்றோடும் நின்றுவிடும். சிறியது கைநகரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். சின்னத் தோடுகளுக்குள், அதாவது வாய்க்கால்களுக்குள், எந்த ஹவுஸ்போட்டும் போகாது. அதற்குத் தனியாக ஷிகாராவோ (கூரை போட்ட சின்னப் படகு) நாட்டு வள்ளமோ ஒரு மணி நேரக் கணக்கில் எடுக்கணும், காசும் தனி.

ரெண்டு போட் எடுத்தால் ஒரே முதலாளியிடம் எடுங்கள். 'மதியமும் ராத்திரியும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் கட்டணும்' என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஒன்று பள்ளாத்துருத்தியிலும் இன்னொன்று மூணு கிலோமீட்டர் தள்ளியும் கிடக்கும். பக்கத்தில் கட்டினாலும் ரெண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். வேறு போட் கடந்து போகும்போது அது விரியும், சுருங்கும். பிள்ளைகள் கால் வைப்பது அங்கேதான். போட்காரர் பலகை போட்டுக் கையைப் பிடித்தால் மட்டும் தாண்டணும் என்று சொல்லி வையுங்கள்.

அட்வான்ஸுக்கு முன்னால் போட்டின் பெயர், கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவு எண், அந்தப் போட்டின் இப்போதைய வீடியோ மூன்றையும் கேளுங்கள். நெட்டில் காட்டுவது ஒரு போட், ஜெட்டியில் நிற்பது வேறு போட் என்பதுதான் இங்கே அதிகம் கேட்கிற புகார். எண்ணை எழுதி வாங்கிவிட்டால் மாற்றுவது கஷ்டம். ஏ.சி. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். சாதாரண வகுப்பில் ராத்திரி 9 முதல் காலை 6 வரைதான், அதுவும் ரூமுக்குள் மட்டும். பகல் முழுக்க வேண்டுமென்றால் வகுப்பு வேறு, ரேட்டும் வேறு. ரேட்டை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துத்தான் ஒப்பிடணும். பிள்ளைகளுக்கு எந்த வயதுவரை இலவசம், எதுவரை பாதி என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கே_பி_ரோடு:
வழியைப் பற்றி. செங்கோட்டை – ஆரியங்காவு – தென்மலை – புனலூர், அங்கிருந்து கே.பி. ரோட்டில் (காயங்குளம் – புனலூர் ரோடு) பத்தனாபுரம், அடூர் வழியாகக் காயங்குளம், பிறகு என்.எச். 66. மொத்தம் 150 கிலோமீட்டர் பக்கம் வரும். கூகுள் காட்டுகிற நேரத்தை நம்பாதீர்கள். மலையில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் முந்த இடம் கிடையாது, ஹைவேயில் அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ஊர்ந்துதான் போகணும். விடிகாலை 5 மணிக்கு வண்டி எடுத்து, காலைச் சாப்பாட்டைப் புனலூர் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டில் தலை சுற்றுமோ என்று எல்லாரும் பயப்படுவார்கள். காயல் தண்ணீர் குளம் மாதிரி. வாந்தி வருவது கோட்டைவாசலுக்கும் தென்மலைக்கும் நடுவில் உள்ள வளைவுகளில். டாக்டரைக் கேட்டு அவோமின் மாதிரி வாந்தி மாத்திரை ஏதாவது போடுவதென்றால் அவர் சொன்ன நேரப்படி கிளம்புவதற்கு முன்னாலேயே போடணும், வளைவு வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். வேன்காரரிடம் கேரளப் பர்மிட், வரி கட்டிய ரசீது ரெண்டும் கையில் இருக்கா என்று முந்தின நாளே பாருங்கள். செக்போஸ்ட்டில் நிற்பது உங்கள் போட் நேரம்.

தேதி: மகரவிளக்கு முடிந்து சபரிமலை நடை சாத்தும்வரை இந்த ரோடு ஐயப்பமார் வண்டிகளால் நிரம்பியிருக்கும். அதற்கு அடுத்த வாரம் காலியாகிவிடும். குடியரசு தினத்தை ஒட்டிச் சனி ஞாயிறு வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வார நாளில் போனால் போட் ரேட்டும் இறங்கும். ரயிலில் வர நினைக்கிறவர்கள் இருந்தால், பாலருவி எக்ஸ்பிரஸ் கோட்டயம் வழி போகிறது, ஆலப்புழை போகாது. காயங்குளத்தில் இறங்கி வண்டி மாறணும்.

குமுளி_எல்லை:
இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லணும். அழுத்திச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ரெண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். கரையில் மிருகம் தெரிந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள், மேல்தட்டிலும் கூட்டம். 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகம் வந்த படகில் 29 பேர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றி, இருட்டின பிறகு ஓட்டினார்கள்.

படகு கவிழ்வதற்குப் பெரிய அலை வேண்டியதில்லை. எடை மேலே ஏற ஏற அது ஆட்டம் கொடுக்கும், அப்போது ஒரு பக்கம் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். ஆகவே குரூப் போட்டோ எடுக்க எல்லாரும் மேல்தட்டின் ஒரு ஓரத்துக்குப் போகக்கூடாது. கரையில் கட்டி நிற்கும்போது, கீழ்த்தளத்தில், நடுவில் நின்று எடுங்கள்.

ஏறியதும் சர்வே சர்டிபிகேட்டைக் கேளுங்கள். போட்டிலேயே மாட்டியிருப்பார்கள், எத்தனை பேர் ஏறலாம் என்று அதில் இருக்கும். கைக்குழந்தையையும் ஒரு தலையாக எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்பதை விட, பிள்ளைகள் அளவில் அஞ்சு இருக்கிறதா என்பது முக்கியம். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டிக் கட்டி, அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை. அளவுக்கு இல்லை என்று புக் செய்யும்போதே தெரிந்தால் வேறு போட் பாருங்கள்.

தண்ணீரில் இறங்கவும் விடாதீர்கள். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணை ஷட்டரை உப்பு ஏறாமல் இருக்க டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மூடிவைப்பார்கள். அந்தச் சமயம் தெற்குப் பக்கத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. காலில் புண் இருக்கிறவர்கள் படித்துறையில் கால் நனைப்பதைக்கூடத் தவிர்க்கணும்.

குண்டாறு_கரை:
ரொம்ப நன்றி. லைஃப் ஜாக்கெட் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, ரெண்டு போட் என்று முடிவாகிவிட்டது. இன்னும் மூணு சந்தேகம்: சாப்பாடு, இன்சுலின், மூட்டு வலிக்காரரை ஏற்றுவது. அம்மாவுக்கு மட்டை அரிசிச் சோறு (கேரளச் சிவப்பரிசி) ஒத்துக்கொள்ளாது.

மேக்கரை_அக்கா:
தம்பி, சாப்பாட்டைப் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். குக் காலையிலேயே சாமான் வாங்கிவிடுவார், ஏறின பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. மதியம் சோறு, மீன் வறுவல், தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), சாம்பார், பப்படம். ராத்திரி சப்பாத்தி, கோழிக்கறி. காலையில் இட்லியோ புட்டோ. இதுதான் வழக்கம். 'பொன்னி அரிசிச் சோறு, 6 பேருக்கு' என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். சைவம் எத்தனை பேர் என்பதும் அப்படியே. ஒரே போட்டில் சைவக்காரர்களைச் சேர்த்துவிட்டால் குக்குக்கும் லேசு. அவர்கள் சாம்பாரில் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கும், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லணும்.

குடிக்கத் தருவது பதிமுகம் என்கிற மரத்துண்டு போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர். பிள்ளைகள் பார்த்துவிட்டுக் குடிக்காமல் இருந்துவிடும். ஆறு பாட்டில் சாதாத் தண்ணீர் கையில் இருக்கட்டும். 5.30க்குக் கட்டினால் ராத்திரிச் சாப்பாடு 8.30 ஆகும். நடுவில் டீயும் பழம்பொரியும்தான். முறுக்கு, அதிரசம் ஒரு டின் எடுத்துப்போங்கள்.

வழியில் மீன்கடையில் போட்டை நிறுத்துவார்கள். ஆற்றுக் கொஞ்சு (பெரிய இறால்) ஒவ்வொன்றும் கை நீளம் இருக்கும். ஆசையாகத்தான் இருக்கும். கிலோ என்ன விலை, ஒன்று எத்தனை கிராம், சமைத்துத் தரக் குக்குக்கு எவ்வளவு, மூன்றையும் கேட்ட பிறகு தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

புன்னமடை_வாசி:
இன்சுலினை அடுக்களை ஐஸ்பெட்டியில் மீன் பக்கத்தில் வைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஐஸில் உறைந்துபோன இன்சுலின் வீணானதுதான், உருகினாலும் போடக்கூடாது. வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலை வைத்து, இன்சுலினைத் துணியில் சுற்றி ஐஸ் படாமல் வைத்தால் ஒரு நாளுக்குத் தாராளம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைக் குக்கிடம் உறுதி செய்த பிறகு ஊசி போடுங்கள். அக்கா சொன்னபடி அது தள்ளிப்போகும்.

மூட்டு வலிக்காரருக்கு, போட்டின் முன்பக்கம் வழியாகத்தான் ஏறணும். கரையிலிருந்து குறுகலான பலகை ஒன்று, அல்லது நேராக ஒரு எட்டு. சிமெண்ட் படி உள்ள ஜெட்டியில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டி, ஸ்ராங்கு (போட் ஓட்டுகிறவர்) எஞ்சினை நிறுத்தின பிறகு, ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் நின்று ஏற்றணும். நாலைந்து போட் ஒட்டி நிற்கிற நேரத்தில் ஒரு போட் வழியாக இன்னொன்றுக்குத் தாவச் சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் போட்டைக் கரைக்கு வரச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலைதான். அவர் ரூம் முன்வாசலுக்கு அடுத்ததாக இருக்கட்டும். கடைசி ரூம் எஞ்சினுக்குப் பக்கம், சத்தமும் சூடும்.

விவசாயக் குடும்பம் என்று தோன்றுகிறது. காயலை வரம்பு கட்டி வயலாக்கின சித்திரக் காயல் பக்கம் போகச் சொல்லுங்கள். போட்டில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தால் வயல் தெரியும், ஏனென்றால் வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. வெளிவரம்பு கட்டி, உள்ளே ஊறும் தண்ணீரைப் 'பெட்டியும் பறையும்' என்கிற பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே 'புஞ்ச' என்று இங்கே சொல்கிற போகத்து நெல் எடுக்கிறார்கள். தை மாதத்தில் பயிர் பச்சையாக நிற்கும். பண்பொழிப் பெரியவர்களுக்கு மேல்தட்டை விட இது பிடிக்கும்.

மறுநாள் 9 மணிக்கு இறங்கினால் திரும்பும் வழியிலேயே அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில். நடை மத்தியானம் சாத்துவதற்குள் போய்விடலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றணும். வேஷ்டிகளை வேனின் அடியில் போட்டுவிடாமல் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.