ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்களின் மூளை ஸ்கேன்: ஃப்ரீசர்ஃபர் தரும் அளவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ், உணர்ச்சிகளுக்குரிய அமிக்டலா, புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸ் ஆகிய மூளைப் பகுதிகளின் கன அளவை, எல்லைகளைத் தானாகவே வரைந்து அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளால் கணக்கிட்டிருக்கிறேன். சரிபார்ப்பதற்காக ஆறு பேரின் ஹிப்போகாம்பஸை மட்டும் ஒரு கதிரியக்க மருத்துவர் கையால் எல்லை வரைந்து அளந்து கொடுத்தார். ஆறு பேருக்கும் மென்பொருளின் எண்ணே பெரிதாக இருக்கிறது. ஆயினும் யாருக்குப் பெரிது, யாருக்குச் சிறிது என்ற வரிசை ஏறக்குறைய மாறவில்லை. வரிசை மாறாதவரை கவலைப்பட வேண்டியதில்லை என்று என் வழிகாட்டி கருதுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் தலையில் அடிபடாதவர்களின் படங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. பல ஆண்டுகள் தலையில் அடி வாங்கியவர்களின் மூளையை அவை அதே துல்லியத்துடன் அளக்குமா?

மறுமொழி 1 – நரம்பியல் கதிரியக்க மருத்துவர்:

உங்கள் ஐயம் நியாயமானது. ஹிப்போகாம்பஸைக் கையால் அளந்ததைவிடப் பெரிதாகக் காட்டுவது ஃப்ரீசர்ஃபரிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட இயல்பு. அந்த மிகை எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தால் உங்கள் வழிகாட்டி சொல்வது பொருந்தும். ஆனால் உறுப்பு சுருங்கச் சுருங்க, அதைச் சூழ்ந்த திரவத்தின் விளிம்பையும் மென்பொருள் உறுப்போடு சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது மிகை சுருங்கிய மூளையில்தான் அதிகம் இருக்கும். வீரர்களுக்கும், தலையில் அடிபடாதவர்களைக் கொண்ட ஒப்பீட்டுக் குழுவுக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வரிசை கெடாமலேயே முடிவு தவறிவிடும். ஆகவே இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழுவை மட்டும் தராமல், இரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள்.

சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் 3,500 கன மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை ஓர் உருண்டையாகவே எண்ணினாலும், எல்லை எல்லாப் பக்கமும் கால் மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் கன அளவு ஏறத்தாழ 8 சதவீதம் கூடிவிடும். உண்மையான ஹிப்போகாம்பஸ் நீண்டு வளைந்தது. ஆதலால் பரப்பும் அதிகம், பிழையும் அதிகம். நம் படங்களின் மிகச் சிறிய கனசதுர அலகான ஒரு கனப்புள்ளியின் பக்கமே வழக்கமாக 1 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அமிக்டலா இன்னும் சிறியது. ஹிப்போகாம்பஸின் தலைப்பகுதியிலிருந்து அதைப் பிரிக்கும் கோடு கண்ணுக்கே சரியாகப் புலப்படாது. நானாக இருந்தால் அதை முதன்மை முடிவுகளில் சேர்க்க மாட்டேன்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. குத்துச்சண்டை வீரர்களில் பலருக்கு மூளையின் நடுவே இரு மெல்லிய சவ்வுகளுக்கிடையில் கேவம் செப்டம் பெலுசிடம் எனப்படும் திரவ இடைவெளி காணப்படும். மென்பொருள் பகுதிகளை அடையாளம் காணப் பயன்படுத்தும் மாதிரி மூளை வரைபடத்தில் அதற்குத் தனி இடம் இல்லையென்றால், அதைப் பக்கத்திலுள்ள வென்ட்ரிக்கிள் எனும் திரவ அறையோடு சேர்த்துவிடக்கூடும். நெற்றி மடலின் அடிப்பகுதியிலும் பொட்டு மடலின் முனையிலும் பழைய காயத்தழும்புகள் இருந்தால் அங்கே எல்லைக்கோடு தடுமாறும். நரம்பிழைகளாலான வெண்பொருளில் கருமையான திட்டுகள் இருந்தால் அவை நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் பொருளாக எண்ணப்படலாம். அதாவது எவருக்குப் பாதிப்பு அதிகமோ அவருடைய அளவில்தான் பிழையும் அதிகம். இத்தகைய பிழை, ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் தேய்ந்து மறையாது. ஒவ்வொரு படத்தையும், அது யாருடையது என்று அறியாத ஒருவர், அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

மறுமொழி 2 – படப் பகுப்பாய்வுப் பொறியாளர்:

மென்பொருளின் பதிப்பை ஆய்வின் நடுவில் மாற்றிவிடாதீர்கள். ஒரே படங்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டிப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கன அளவுகள் சராசரியாக 8.8 சதவீதம் வேறுபட்டன. கணினியின் இயங்குதளம் மாறியபோதும் எண்கள் மாறின. ஸ்கேனின்போது தலை அசைந்தால் சாம்பல் பொருள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்பதையும் கவனியுங்கள். நடுக்கமோ தலைவலியோ உள்ள வீரர் ஒப்பீட்டுக் குழுவினரைவிட அதிகம் அசைவார். அந்த அசைவு மூளைச் சுருக்கமாகப் பதிவாகிவிடும்.

பின்னாளில் களத்தில் இருக்கும் வீரர்களையும் சேர்ப்பதாக இருந்தால் நீரிழப்பையும் கணக்கில் கொள்ளுங்கள். 16 மணி நேரம் நீர் அருந்தாமல் இருந்தாலே மூளையின் கன அளவு சுமார் அரை சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. எடைப் பரிசோதனைக்காக உடலை வற்றவைத்த வீரரை அந்த வாரத்தில் ஸ்கேன் செய்வது முறையன்று.

ஆய்வு மாணவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று எல்லாப் படங்களையும் திறந்து பார்த்தேன். மூன்று பேருக்கு அந்தத் திரவ இடைவெளி தெளிவாக இருக்கிறது. அவர்களில் இருவருடைய வென்ட்ரிக்கிள் அளவு அதையும் சேர்த்தே கணக்கிடப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கு மூளையுறையின் ஒரு பகுதி சாம்பல் பொருளாகக் குறிக்கப்பட்டுள்ளது. இவற்றை முன்பே பார்க்காமல் அட்டவணையைத் தயாரித்ததற்கு வருந்துகிறேன்.

மற்றொரு கேள்வியும் உண்டு. ஆய்வில் பங்கேற்ற ஒருவர், தம் மூளை அவர் வயதினருக்கு இருக்க வேண்டியதைவிடச் சுருங்கியிருக்கிறதா என்று கேட்கிறார். அவருக்கு அந்த எண்ணைச் சொல்லலாமா?

மறுமொழி 3 – விளையாட்டு மருத்துவர்:

சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. நூறு பேரில் அவர் எத்தனையாவது இடம் என்று கணக்கிட, அவரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? வேறு இயந்திரத்தில் படமெடுக்கப்பட்ட, வேறு உடல்வாகு கொண்ட, விளையாட்டே அறியாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் இடம் அவருக்கு எதையும் உணர்த்தாது. அச்சத்தை மட்டும் தரும். நியூரோகுவான்ட் என்ற கன அளவு மென்பொருளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2006ஆம் ஆண்டிலேயே அனுமதி அளித்தது உண்மை. அது மூளைப் பகுதிகளை அளப்பதற்கான அனுமதி. தலைக்காயத்தைக் கண்டறிவதற்கான சான்று அன்று. தொடர் தலையடியால் வரும் சி.டி.இ. நோயை இன்றும் இறப்புக்குப் பின் மூளைத் திசுவை ஆராய்ந்தே உறுதிசெய்ய முடிகிறது. 2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுத் தலைக்காய வல்லுநர் குழுவும் இத்தகைய உயர்நிலைப் பட அளவீடுகளை அன்றாடச் சிகிச்சைக்கு உரியனவாக ஏற்கவில்லை.

அவரிடம் உறக்கம், நினைவாற்றல், கோபம், மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றிப் பொறுமையாகக் கேளுங்கள். குறை ஏதும் தென்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி, முறையான நினைவாற்றல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஓராண்டு கழித்து அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் மீண்டும் படம் எடுக்க இயலுமானால், இரண்டையும், அவற்றிலிருந்தே உருவாக்கிய அவருக்கே உரிய பொது மாதிரிப் படத்தில் பொருத்திப் பார்க்கும் நெடுங்கால முறை ஃப்ரீசர்ஃபரில் இருக்கிறது. அவரை அவரோடே ஒப்பிடும் அந்த அளவு, ஒரே ஒரு படத்தின் அளவைவிட நம்பத்தக்கது.

ஆய்வு மாணவி எழுதியது:

அப்படியே செய்கிறேன். அமிக்டலாவை முதன்மை முடிவுகளிலிருந்து நீக்கிவிட்டேன். மேலும் சிலரின் ஹிப்போகாம்பஸைக் கையால் வரைந்து தர அதே கதிரியக்க மருத்துவர் இசைந்திருக்கிறார். இம்முறை படங்கள் பெயரும் குழுவும் நீக்கப்பட்டு, வீரர்களும் ஒப்பீட்டுக் குழுவினரும் கலந்தே அவரிடம் செல்லும். வித்தியாச வரைபடம் கிடைத்ததும் இங்கே பகிர்கிறேன்.