பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் பெங்களூரு அல்சூரில் நடக்கும் வாசகர் கூட்டத்தில் கர்நாடக அரசின் 2025-26 பட்ஜெட்டைப் பற்றித் தமிழில் பேச ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி உரை தடையில்லாமல் வந்துவிட்டது. மொத்த மதிப்பு 4,09,549 கோடி ரூபாய், வருவாய்ப் பற்றாக்குறை 19,262 கோடி, நிதிப் பற்றாக்குறை 90,428 கோடி. கடைசித் தொகை மாநில உற்பத்தி மதிப்பில் 2.95 விழுக்காடு, சட்டம் போட்ட கோடு 3 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நான் போட்ட கணக்குப்படி, சுமார் 1,500 கோடி.

‘நிதிப் பற்றாக்குறை’ எனக்கு உவப்பான சொல் இல்லை. சாக்கடை வேலை பாதியில் நின்றாலும் காரணம் ‘நிதிப் பற்றாக்குறை’தான். அங்கே அதற்குக் கையில் காசு இல்லை என்று பொருள். பட்ஜெட்டிலோ அது கடன் வாங்கிச் செலவழிக்கப்போகும் தொகை. இலங்கைத் தமிழர்கள் ‘துண்டுவிழும் தொகை’ என்று வீட்டுப் பேச்சையே நாட்டுக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள், பொறாமையாக இருக்கிறது. அவர்களுடைய ‘இறைக் கொள்கை’யை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது. வரி என்ற பொருளில் கல்வெட்டுகளில் வாழ்ந்த ‘இறை’யை நாம் மறந்துவிட்டோம். ‘இறைப் பற்றாக்குறை’ என்று எழுதினால், ஊரில் பக்தி குறைந்துவிட்டதாகப் படிப்பார்கள். ஊறிப்போன சொல்லை இனிப் பிடுங்க வேண்டாம், இருக்கட்டும்.

என் சிக்கல் அதற்கு அடுத்த வரியில், பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனில். கிருஷ்ணா பாக்ய ஜல நிகமம் என்பது மேல் கிருஷ்ணா பாசனத் திட்டத்துக்காகக் கர்நாடக அரசு 1994இல் அமைத்த நிறுவனம். இத்தகைய நிறுவனம் தன் பெயரில் கடன் வாங்கிக் கால்வாய் வெட்டுகிறது. தண்ணீர்க் கட்டணத்தை வைத்து அதை அடைக்க முடியாது. வட்டியையும் அசலையும் அரசுதான் பட்ஜெட்டிலிருந்து கட்டுகிறது. வாங்கும்போது அது அரசின் கடன் இல்லை, அடைக்கும்போது அரசின் செலவு. வாங்கிய ஆண்டின் நிதிப் பற்றாக்குறையில் அது தலைகாட்டாது.

கர்நாடகம் இதை ஒளித்துவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசின் பற்றாக்குறைக்கும் கடனுக்கும் வரம்பு போடும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை 2002இல் முதன்முதலில் இயற்றிய மாநிலம் இது. ‘மொத்தப் பொறுப்புகள்’ என்ற வரையறைக்குள் இந்தக் கடன்களையும் பின்னர் சேர்த்துக்கொண்டது. ஆகவே மொத்தக் கடனுக்கான 25 விழுக்காட்டு வரம்பில் இவை அகப்படும், ஆண்டுக்கான 3 விழுக்காட்டில் அகப்படாது. குளத்தின் மட்டத்தைச் சரியாக அளந்துவிட்டு, நீர்வரத்தை அளக்கும்போது மட்டும் ஒரு வாய்க்காலை விட்டுவிடுவது போல.

கேரளத்தில் இதே விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அரசு பட்ஜெட்டிலிருந்து அடைக்கும் நிறுவனக் கடன்களை மாநிலத்தின் கடனாகவே கருதி, மாநிலம் கடன் வாங்க அரசமைப்பின் 293(3) பிரிவின் கீழ்த் தரும் ஒப்புதலில் கழித்துக்கொள்ளப்போவதாக 2022இல் ஒன்றிய நிதி அமைச்சகம் சொன்னது. கேரள அரசின் கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பியின் கடன்கள் இதில் சிக்கின. 2023 டிசம்பரில் கேரளம் வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. வழக்கில் இருக்கும் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ‘மறைகடன்’ வேண்டாம் என்பது இதனால்தான். சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதிய ‘பினாமிக் கடன்’ என்னைச் சிரிக்க வைத்தது, பொருளும் கச்சிதம். மேடையில் சொல்லத்தான் துணிவில்லை. ‘வெளிக்கடன்’ என்றால் வெளிநாட்டுக் கடனாகிவிடும். ‘கழகவழிக் கடன்’ நல்ல சொல்தான், ஆனால் தமிழ் வாசகர் உடனே எந்தக் கழகம் என்று கேட்பார். ‘வரவு செலவுத் திட்டத்திற்கு அப்பாற்பட்ட கடன்’ என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் தவணையே முடிந்துவிடும்.

என் அப்பாவின் கணக்கு நோட்டு நினைவுக்கு வருகிறது. முன்பக்கத்திலிருந்து அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக் கட்டணம். நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால், சித்தப்பா பெயரில் எடுத்த சீட்டுக்கு அப்பா மாதாமாதம் கட்டிய பணம், பென்சிலில். முன்பக்கக் கூட்டல் எப்போதும் சரியாக வரும். அம்மா முதலில் புரட்டுவது பின்பக்கத்தைத்தான்.

என் முன்மொழிவு: புறக்கணக்குக் கடன். கருத்துச் சொல்லுங்கள்.

&nbsp;

> என் முன்மொழிவு: புறக்கணக்குக் கடன்.

தம்பி, தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன், இது ஆகாது. அரசமைப்பின் 266ஆம் பிரிவில் ‘பொதுக் கணக்கு’ என்று ஒன்று இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி போன்றவை கிடக்கும் இடம். ‘பொதுக் கணக்கு’, ‘புறக் கணக்கு’ இரண்டையும் மேடையில் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். போதாததற்கு, வேகமாகப் படித்தால் ‘புறக்கணித்த கடன்’, வாராக்கடன் மாதிரி.

சொல் உங்கள் அப்பாவின் நோட்டிலேயே இருக்கிறதே. பின்னேட்டுக் கடன்.

மல்லேஸ்வரத்திலிருந்து

&nbsp;

ஐயா, வணக்கம்.

‘பொதுக் கணக்கு’ எனக்குத் தோன்றவே இல்லை. தோற்றேன்.

‘பின்னேட்டுக் கடன்’ என்பதை நேற்றிரவு உரையில் பொருத்திப் பார்த்தேன். “பின்னேட்டுக் கடனையும் சேர்த்தால் பற்றாக்குறை கூடும்” நன்றாக நிற்கிறது. “இந்தத் திட்டத்துக்கான பணம் பின்னேட்டில் வாங்கியது” என்றும் சொல்ல முடிகிறது. ‘அப்பாற்பட்ட’வை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாக்கியம் அமைக்க முடியாது. எழுதிவைத்த கடன் என்பதும், முன்பக்கக் கூட்டலில் சேராத கடன் என்பதும் அதிலேயே இருக்கின்றன. திருட்டுப் பழியும் இல்லை.

ஒரே ஒரு தயக்கம். அரசு நிறுவனங்களின் கடனுக்கு அரசு வெறும் உத்தரவாதம் மட்டும் கொடுப்பதும் உண்டு. நிறுவனமே சம்பாதித்து அடைத்தால் அரசுக்குச் செலவில்லை. அதைப் பின்னேட்டில் சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். அடைப்பது பட்ஜெட் என்றால் மட்டுமே பின்னேடு. மற்றது உத்தரவாதக் கடன். இந்த எல்லை சரிதானா என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் செவ்வாய்க்கிழமை உரையை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.