லைம் நோய்க்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் போன கோடையில் உண்ணி கடித்து லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்று வந்தது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை முழுதாக முடித்தும் மூட்டுவலியும் அசதியும் விடவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள். இப்போது ஒரு மருத்துவர், கை நரம்பில் குழாய் போட்டு மாதக்கணக்கில் செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் ஏற்றலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகளில் நீண்டகால ஆன்டிபயாடிக்கால் கூடுதல் பலன் தெரியவில்லை. குழாய் வழியே ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து வேறு. அதற்காக அவள் வலி பொய்யில்லையே! அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கும் தொற்றுநோய் நிபுணர் யாரையாவது தெரியுமா? குழாய் போட்டுக்கொண்டவர்கள், போடாமலே தேறியவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும்.