சொடக்கு வல்லாளியா, வன்சொடக்கு ஆளியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விசைப்பலகையைத் தாமே கட்டிக்கொள்ள விரும்புவோருக்காக நான் எழுதிவரும் கையேடு, ஆளிகளைத் தேர்ந்தெடுக்கும் இயலில் வந்து நின்றுவிட்டது. நிறுத்தியது 'ஹெவி கிளிக்கி சுவிட்ச்' என்ற ஒரே தொடர். அழுத்தும்போது 'டிக்' என்று ஒலிப்பதோடு, விரலைச் சற்றுக் கூடுதலாக எதிர்த்து நிற்கும் ஆளி என்று விளக்கம் எழுதிவிடலாம். ஆனால் ஓர் இயலில் முப்பது இடங்களில் வருவதை முப்பது முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. என் பரிந்துரையைக் கீழே வைக்கிறேன். தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.

சுவிட்சுக்கு 'ஆளி' என்பதையே கொண்டிருக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சொல் அது. 'சாவி' என்று எழுதுவோரும் உண்டு. ஆயினும் விசைப்பலகையில் மேலே தெரியும் 'கீ' வேறு, அதன் அடியில் உட்கார்ந்திருக்கும் சுவிட்ச் வேறு என்பதால், இரண்டையும் குழப்பிவிடக்கூடிய சொல் இங்கே உதவாது.

உண்மையான சிக்கல் 'விசை'யில் தொடங்குகிறது. கணினித் தமிழில் விசை என்றால் 'கீ'. இயற்பியல் தமிழில் விசை என்றால் நியூட்டனில் அளக்கப்படும் தள்ளலும் இழுப்பும். இரண்டும் தத்தம் துறைக்குள் இருந்தவரை தொல்லையில்லை. ஆளியைப் பற்றி எழுதப் புகுந்ததும் இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்கின்றன. 'இந்த விசையின் விசை 60 கிராம்-விசை' என்று நானே இரவில் எழுதிவைத்ததை மறுநாள் காலையில் படித்தபோது, அறுபது கிராம் எடையுள்ள விசை ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றே எனக்கும் தோன்றியது. ஆகவே 'கீ'க்கு விசையை விட்டுக்கொடுத்துவிட்டு, விரல் கொடுக்க வேண்டியதை 'அழுத்தம்' என்று எழுதலாம் என நினைக்கிறேன்.

அடுத்து ஒலி. சுட்டியை அழுத்தும் செயலுக்குச் 'சொடுக்கு' நிலைபெற்றுவிட்டது. அதை ஆளிக்கும் நீட்டினால், எல்லா ஆளிகளுமே சொடுக்கப்படுபவைதாம் என்பதால் ஒலிப்பவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்ட இயலாது. நான் முன்வைப்பது 'சொடக்கு'. விரலைச் சொடக்குப் போடும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று அழுத்தியபடி நிற்கின்றன. தாங்கும் அளவைக் கடந்ததும் நடுவிரல் வழுக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியில் போய் அறைகிறது. ஒலி பிறப்பது உரசலில் அன்று, அந்த அறையில். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையிலுள்ள நீல ஆளியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் இதே கதைதான். அதன் தண்டு இரண்டு துண்டாக இருக்கிறது: விரலோடு இறங்கும் நீலப் பகுதி ஒன்று, அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தளர்வாக நிற்கும் வெள்ளை உறை மற்றொன்று. உறையின் சரிவில், மின்னிணைப்பை ஏற்படுத்தும் தொடுதகட்டின் வளைவு தடுத்து நிற்கிறது; அழுத்தம் கூடிக் கூடி அந்தத் தடையைத் தாண்டியதும் உறை மட்டும் விரலை முந்திக்கொண்டு கீழே பாய்ந்து அடித்தளத்தில் மோதுகிறது. கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகையில் உறைக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஒன்று வளைந்து விடுபட்டு அடிக்கிறது. அழுத்தும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை. ஐபிஎம் நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு மாடல் எம் பலகையிலோ சுருள்வில்லே தாங்க முடியாமல் பக்கவாட்டில் மடிந்து சொடக்குகிறது. அமைப்பு மூன்று, சொல் ஒன்று போதும்.

இனி 'ஹெவி'. 'கனமான ஆளி' என்றால் தராசில் கூடுதலாக நிற்கும் ஆளி என்றுதான் பொருள். 'கடினமான ஆளி' என்றால் பயன்படுத்தச் சிரமமானது என்றாகும். வேண்டுமென்றே அதைத் தேடி வாங்குபவரிடம் அப்படிச் சொல்வது முறையன்று. 'இறுக்கமான' என்றால் தூசி புகுந்து சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. நமக்கு இலக்கணத்திலேயே வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற மூவகைப் பகுப்பு இருக்கும்போது வெளியே போய்த் தேடுவானேன்? மெல், இடை, வல் என்று ஆளிகளை அடுக்கலாம். அவ்வழியில் என் முழுப் பரிந்துரை: 'வன்சொடக்கு ஆளி'.

அன்புடன்.

---

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

'சொடக்கு' மிக நன்று. அதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற இரண்டில் உண்டு.

முதலாவது, 'அழுத்தம்'. இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மீது செயற்படும் விசையை அந்தப் பரப்பால் வகுத்து வருவது. அதன் அலகு பாஸ்கல். ஆளிகளுக்குத் தரப்படுவதோ சென்டிநியூட்டன் அல்லது கிராம். விரல் நுனியின் பரப்பை எவரும் அளக்கவில்லை. ஒரு குழப்பத்திலிருந்து தப்பிக்க இன்னொன்றுக்குள் புகுவானேன்? நெம்புகோல் பாடத்தில் 'பளு' என்ற சொல்லைச் சிறுவயதிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். ஒரு விசையின் மேல் எவ்வளவு பளு வைத்தால் அது இறங்கும் என்பதுதானே உங்கள் கேள்வி?

இரண்டாவது, 'வன்சொடக்கு ஆளி' என்னும் தொடரில் 'வன்' எதைத் தழுவுகிறது? வன்சொல் என்றால் சொல்லே வன்மையானது. அதுபோல வன்சொடக்கு என்றால் ஒலி ஓங்கியது, அதிர்வு கூர்மையானது என்றே நான் படிப்பேன். வில்லைப் பற்றி அந்தத் தொடர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் மேசையில் கைலின் பாக்ஸ் ஜேட் ஆளிகள் பொருத்திய பலகை ஒன்று இருக்கிறது. அவற்றின் சொடக்குக் கம்பி தடித்தது, ஒலி அடுத்த அறைவரை போகும். வில்லோ அப்படியொன்றும் வலியதன்று. அவற்றை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

ஒரு சிறு குறிப்பு: 'சொடக்காளி' என்று சேர்த்து எழுத வேண்டாம். தொழிலாளி, நோயாளி என்ற வரிசையில், சொடக்குப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கும் ஆளொருவர் கண்முன் வருகிறார்.

---

ஐயாவுக்கு வணக்கம்.

இரு மறுப்புகளையும் ஏற்கிறேன். இரண்டாவது மறுப்பு சொல்லை மட்டுமன்றி, கையேட்டின் அந்த இயலையே மாற்றி எழுத வைத்துவிட்டது.

நீங்கள் சொன்ன 'பளு'வை முதலில் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் ஆளியை அளப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, விசையின் மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவது. நீல ஆளியில் அப்படி அடுக்கினால், ஓர் எல்லைவரை விசை சற்றே தாழ்ந்து அசையாமல் நிற்கிறது. அடுத்த நாணயத்தை வைத்ததும் 'டிக்' என்று ஒரே வீழ்ச்சியாக அடிவரை போய்விடுகிறது. அப்போது நாம் அளந்தது இணைப்பு ஏற்படும் இடத்தின் பளுவை அன்று, அதற்குச் சற்று மேலே உள்ள தடையின் முகட்டை. முகட்டைத் தாண்டியபின் எதிர்ப்பு குறைந்துவிடுவதால், இடையில் எங்கும் நிற்க அதற்கு வழியில்லை. நீல ஆளிக்குச் சிலர் 50 என்றும் வேறு சிலர் 60 என்றும் எழுதுவதைக் கண்டு யாரோ தவறு செய்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இணைப்பு ஏற்படும் இடத்தைச் சொல்பவர் 50 என்கிறார், முகட்டைச் சொல்பவர் 60 என்கிறார். ஆகவே 'இயக்கு பளு', 'முகட்டுப் பளு' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டேன். சொடக்கு ஆளிகளை ஒப்பிடும்போது எந்தப் பளு என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதக் கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தப் பக்கத்திலேயே ஏறியிருக்கிறது. அலகைப் பொறுத்தவரை, 1 கிராமின் எடை ஏறத்தாழ 0.98 சென்டிநியூட்டன் என்பதால், விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

'விறைப்பு' என்ற சொல்லையும் இடையில் எண்ணிப் பார்த்துக் கைவிட்டேன். அது வில் எவ்வளவு விரைவாக எதிர்ப்பைக் கூட்டுகிறது என்பதைச் சொல்வது. நீளமான வில்லை முன்கூட்டியே அமுக்கி ஆளிக்குள் வைத்தால், தொட்டவுடனேயே எதிர்ப்பு இருக்கும், பிறகு மெல்லத்தான் ஏறும். குட்டையான, விறைப்பான வில் ஒன்றுமில்லாததுபோல் தொடங்கி அடியில் போய் முரண்டுபிடிக்கும். இரண்டுக்கும் இயக்கு பளு ஒன்றாகவே இருக்கலாம்.

இனி 'வன்' எதைத் தழுவுகிறது என்ற கேள்வி. ஒலியும் பளுவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று நான் என்னை அறியாமலே எண்ணியிருக்கிறேன். அவை தனித்தனி என்பதை என் கையே ஒருமுறை காட்டியிருந்தும் உறைக்கவில்லை. தடையோ ஒலியோ இன்றிச் சீராக இறங்கும் நேரியல் ஆளிகளுக்குப் பூசும் பழக்கத்தில், சொடக்கு ஆளி ஒன்றைத் திறந்து வெள்ளை உறையின் சரிவிலும் மசகுப்பசையைத் தடவி மூடினேன். மூடி அழுத்தினால், ஈரத்துணியில் சொடக்குப் போட்டது போல ஒரு 'தொப்'. வில் அதே வில்தான், விரலுக்கு வேண்டிய உழைப்பும் பெரிதாகக் குறையவில்லை. போனது சொடக்கு மட்டும். (உறையைத் துடைத்தெடுக்க ஒரு மாலை முழுவதும் பிடித்தது. வில்லுக்கு மட்டும் பூசியிருந்தால் வில்லின் ரீங்காரம் அடங்கியிருக்கும், சொடக்கும் பிழைத்திருக்கும்.)

எனவே நமக்கு வேண்டியவை இரண்டு தொடர்கள். வில் வலியதாயின் 'சொடக்கு வல்லாளி'. சொடக்கு வலியதாயின் 'வன்சொடக்கு ஆளி'. அடைமொழி தான் தழுவும் சொல்லுக்கு முன்னே ஒட்டி நிற்கட்டும் என்பதைத் தவிர இதில் புதுமை ஒன்றுமில்லை. செர்ரி எம்எக்ஸ் பச்சை, நீலத்தின் அதே உறையமைப்பில் வலிய வில்லை இட்டது. இயக்கு பளு 80 சென்டிநியூட்டன். அது சொடக்கு வல்லாளி. உங்கள் மேசையிலிருக்கும் பாக்ஸ் ஜேட், வன்சொடக்கு ஆளி. அதே தடித்த கம்பியோடு வில்லையும் வலிதாக்கிய பாக்ஸ் நேவியை, நீளமானாலும், வன்சொடக்கு வல்லாளி என்று அழைக்கத்தான் வேண்டும். 'வல்லாளி'யிலும் ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார் என்பீர்கள். மல்யுத்தக் களம் எதுவும் கையேட்டில் வராததால் அவர் தொந்தரவு செய்யமாட்டார் என நம்புகிறேன்.

இணைப்பு ஏற்படும் புள்ளிக்கும், விடும்போது அது துண்டிக்கப்படும் புள்ளிக்கும் இடையேயுள்ள விலகலுக்குப் புதிய சொல் தேவையில்லை. காந்தவியலில் படித்த 'தயக்கம்' அப்படியே பொருந்துகிறது. உறையமைப்பில் தயக்கம் மிகுதி. அதனால்தான் அதே எழுத்தை அடுத்தடுத்து விரைவாகத் தட்டும்போது விரலைப் போதிய அளவு உயர்த்தாவிட்டால் இரண்டாவது எழுத்து விழுவதில்லை.

சொற்கள் ஓடும் வாக்கியத்தில் எப்படி நிற்கின்றன என்பதற்காக, திருத்திய பத்தியைத் தருகிறேன்:

'விரல்களை விசைகளின் மேலேயே ஓய்வாக வைத்திருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மெல்லாளிகளில் வேண்டாத எழுத்துகள் விழும். அவர்கள் சொடக்கு வல்லாளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அடிவரை குத்தித் தட்டுபவருக்கு வலிய வில் ஓரளவு மெத்தைபோல் நின்று அந்தக் குத்தைத் தாங்கும். ஆனால் முகட்டைத் தாண்டுவதற்கான உழைப்பு எல்லா விரல்களுக்கும் ஒன்றே. சுண்டுவிரலின் வலிமை அப்படியன்று. எனவே பலகை முழுவதற்கும் வாங்குவதற்கு முன் நாலைந்து ஆளிகளை மட்டும் வாங்கி, கழற்றி மாட்டும் வசதியுள்ள பலகையில் சுண்டுவிரல் போகும் இடங்களில் பொருத்தி, ஒரு வாரம் தட்டிப் பாருங்கள். சோர்வு தெரிந்தால் அந்த ஓரங்களுக்கு மட்டும் இடையாளிகளை வைத்துக்கொள்ளலாம். நீல ஆளிப் பலகைகளில் இடைவெளி விசைக்கு மட்டும் பச்சை ஆளியைப் பொருத்தும் வழக்கம் முன்பே உண்டு. அங்கே தட்டுவது கட்டைவிரல், அதன் மூடியும் நீளமானது.'

இதில் 'இடையாளி' மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இடையில் வைக்கும் ஆளி என்று எவரேனும் படித்துவிடுவார்களோ?

அன்புடன்.