பல்லித் தொட்டியின் 'சப்ஸ்ட்ரேட்': தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பல்லி, அரணை, ஓணான் வகைகளை வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்ணாடித் தொட்டியின் அடியில் மண், மணல், கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள், காகிதம், டைல்ஸ் என்று எதையாவது போடுகிறோமே, அவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் சப்ஸ்ட்ரேட். ஓர் அத்தியாயமே இதைப் பற்றித்தான். இப்போதைக்குப் 'படுக்கை' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கால்நடை மருத்துவர்:

'படுக்கை' வேண்டவே வேண்டாம் அம்மா. படிப்பவர் மெத்தென்று இருப்பதைத் தேடிப் போவார். பல்லிக்கு அது படுக்கிற இடம் மட்டுமில்லை; நடக்கிற, தோண்டுகிற, நக்கிப் பார்க்கிற நிலம். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி இரையைக் கவ்வும்போது கூடவே மணலும் வாய்க்குள் போகும். தொட்டியில் சூடு போதாமலோ உடம்பில் கால்சியம் குறைந்தோ இருந்தால் அந்த மணல் வெளியேறாமல் குடலை அடைத்துக்கொள்ளும். தேவதாரு மரச்சீவல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் நெடி மூச்சுப்பாதைக்கு ஆகாது. எல்லா வகைக்கும் ஒன்றே பொருந்தும் என்றும் இல்லை. புதைந்து வாழும் அரணைக்கு வெறும் காகிதம் போட்டால் ஒளிய வழியில்லாமல் தவிக்கும். ஈரம் வேண்டும் இனங்களுக்குக் கோகோபீட் நல்லது. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரம் குறைந்தால் சட்டை சரியாக உரியாது; விரல் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். இத்தனையையும் தாங்குகிற சொல்லாகப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் நம்மிடமே இருக்கிறது: சேக்கை. சங்க இலக்கியத்தில் மனிதர் படுக்கையும் சேக்கைதான், பறவை தங்கும் இடமும் சேக்கைதான். தங்குதல் என்னும் பொருளில் 'சேக்கும்' என்ற வினையும் உண்டு. உயிர் தங்கும் இடம் எதுவோ அது சேக்கை. மணற்சேக்கை, நார்ச்சேக்கை என்று அடைகொடுத்து வகைப்படுத்தவும் வரும். இதைவிட என்ன வேண்டும்?

மெய்ப்புத் திருத்துநர்:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் என் மேசைக்கு வந்தால் 'சேர்க்கை' என்பதன் பிழையென்று நினைத்து ரகரத்தைச் சேர்த்துவிடுவேன். நான் விட்டாலும் வாசகர் அப்படித்தான் படிப்பார். 'அடிப்பரப்பு' போதாதா?

உயிரியல் ஆசிரியர்:

அடிப்பரப்பு என்றால் பிள்ளைகளுக்குக் கூம்பும் உருளையும்தான் நினைவுக்கு வரும். சப்ஸ்ட்ரேட்டுக்கு வகுப்பில் நாங்கள் சொல்வது 'தளப்பொருள்', ஆனால் அது நொதி வினைபுரியும் பொருள். அதையே இங்கும் போட்டால் ஒரே மாணவர் இரண்டு பாடத்தில் குழம்புவார். 'தளவிரிப்பு' என்றால் தளத்தில் விரிப்பது, ஏழாம் வேற்றுமைத் தொகை. கேட்டவுடன் விளங்கும்.

தமிழாசிரியர்:

'தளம்' வடமொழித் 'தல' என்பதன் வழிவந்தது. புதுச்சொல் ஆக்கும்போதே கடன் வாங்க வேண்டுமா?

உயிரியல் ஆசிரியர்:

ஐயா, இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்குக்கும் செய்யுளிலேயே இடம் கொடுத்தது தொல்காப்பியம். ளகரம் ஏறித் தமிழாகிவிட்ட சொல்லைப் பல்லித் தொட்டியிலிருந்து விரட்ட வேண்டுமா?

மெய்ப்புத் திருத்துநர்:

தொல்காப்பியம் என்றதும் ஒரு கேள்வி. கையேட்டில் 'பல்லிக் குட்டி' என்று வருகிறது. அதன் மரபியல் என்ற பகுதியின்படி பறப்பவற்றின் இளமைப்பெயர் பார்ப்பும் பிள்ளையும், தவழ்பவையும் அவ்வாறே. அப்படியானால் 'பல்லிப் பார்ப்பு' என்று திருத்தட்டுமா?

தமிழாசிரியர்:

திருத்துங்கள், மகிழ்ச்சி! குட்டி என்பதை அங்கே கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றுக்குச் சொல்லியிருக்கிறது. ஊர்வனவற்றுக்குப் பார்ப்புதான் முறை. ஓணானுக்கு 'ஓந்தி' என்ற பழஞ்சொல்லையும் மீட்டெடுங்கள். பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகையைத் 'தாடி ஓந்தி' என்றால் யாருக்கு விளங்காது?

கால்நடை மருத்துவர்:

பார்ப்போ குட்டியோ, சிறியதற்கும் புதிதாக வந்ததற்கும் முதலில் டிஷ்யூ பேப்பர்தான் என்பதை அந்த இடத்தில் விடாமல் போடுங்கள். எச்சத்தின் நிறமும் இளக்கமும் அதில்தான் தெரியும்.

சொல்லுக்கு வருகிறேன். மணலை யாரும் விரிப்பதில்லை, பரப்புகிறோம். டைல்ஸைப் பரப்புவதில்லை, பதிக்கிறோம். விரிப்பு என்றால் பாதிப் பொருள்கள் வெளியே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வினை இருக்கிறது: பாவுதல். கல் பாவுகிறோம், விதை பாவுகிறோம். 'பாவுபொருள்' என்றால் வினைத்தொகை. பாவிய, பாவுகிற, பாவும் பொருள். மண்ணும் அடங்கும், ஓடும் அடங்கும்.

உயிரியல் ஆசிரியர்:

இலக்கணம் சரி. ஆனால் 'பாவு' என்றதும் நெசவுப் பாவு குறுக்கே வருகிறதே. இன்று பல்லி வளர்ப்பவர்களில் எத்தனை பேர் கல் பாவுவது என்று பேசுகிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. எழுதியவர்களில் பெரும்பாலோர் தளவிரிப்புப் பக்கம் சாய்ந்திருப்பதால் அத்தியாயத் தலைப்பில் அதையே வைத்துவிட்டேன். முதல் வரியில் 'சப்ஸ்ட்ரேட் எனப்படும் தளவிரிப்பு' என்று வரும். சொற்பட்டியலில் பாவுபொருளும் சேக்கையும் மாற்றுச்சொற்களாக இருக்கும். பார்ப்பு ஏறிவிட்டது. 'தாடி ஓந்தி'க்குத் துணிச்சல் வரவில்லை ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தளவிரிப்பு என்று படிப்பவர் நேரே துணி விரிப்பைத்தான் வாங்குவார். அதன் நூல்வளையத்தில் நகம் மாட்டிக்கொண்டு, இழுக்கிற இழுப்பில் விரலோடு பிய்ந்துவிடும். அடிக்கடி துவைக்காவிட்டால் கிருமியும் சேரும். தலைப்பை மாற்ற நேரமில்லை என்றால், 'இது துணி மட்டும் அன்று. நூல்வளையம் உள்ள துணியைத் தவிர்க்கவும்' என்ற வரியையாவது தலைப்புக்கு அடியிலேயே தடித்த எழுத்தில் போடுங்கள். மறுபதிப்பு வரும்போது பாவுபொருளை மீண்டும் எடுத்துக்கொண்டு வருவேன்.